கொடித்தூண்டிலை நிறுத்துப் பார்த்த விசுவலிங்கம் அண்ணை

செய்தி வந்தபோது நான் நம்பவில்லை. மதியச் சாப்பாட்டு நேரம். இமயமலையைவிட ஒரு விரற்கடை மட்டுமே குறைவாகக் குவிந்து கிடந்த கோப்பைகளின் அடிவாரத்தில், முழங்கை வரை சவர்க்கார நுரையோடு நின்றுகொண்டிருந்தேன். தொலைபேசியில் ஓல்டன் நகரத்திலிருந்து எங்கள் சிநேகிதன் ரவி.

“அண்ணை, விசுவலிங்கம் அண்ணை மோசம் போயிட்டார்.”

“எந்த விசுவலிங்கம்?”

“எங்கடை விசுவர்தான். கொடி விசுவர்.”

“ஆர் சொன்னது?”

“நான்தான் சொல்லுறன்.”

“உனக்கு ஆர் சொன்னது எண்டு கேக்கிறன்.”

“நான் பக்கத்திலை நிண்டனான் அண்ணை. வேலைக்கு வெளிக்கிட்டவர், சப்பாத்துக் கயிறு கட்டக் குனிஞ்சார். நிமிரேல்லை.”

ரவி பகிடிக்காரன். ஆகையால் மறுபடியும் கேட்டேன். மூன்றாம் முறையும் கேட்டேன். மூன்றாம் முறை அவன் அழுதுவிட்டான். அதன் பிறகுதான் தொலைபேசியை வைத்தேன். இதைக் கல்நெஞ்சு என்று யாரும் நினைக்க வேண்டாம். விசுவலிங்கம் அண்ணையே உயிரோடு இருந்து தன் சாவுச் செய்தியைக் கேட்டிருந்தால் ஐந்து முறை கேட்டிருப்பார். பிறகு ஓல்டனுக்கு ரயில் ஏறிப்போய் நேரிலும் பார்த்திருப்பார்.

இரண்டு நாள் கழித்து அவருடைய மனைவி பராசக்தி அக்கா பேசினார். அவர் ஊரிலிருந்து வந்து சேர்ந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது.

“தம்பி, முப்பத்தொராம் நாளுக்கு நினைவுப் புத்தகம் அடிக்கிறம். இந்த நாட்டிலை அவரோடை முதல் முதல் வேலை செய்தது நீங்கள்தானே. ஒண்டு எழுதித் தாங்கோ.”

“ஓம் அக்கா, கட்டாயம்.”

“மட்டையிலை என்ன பேர் போடுறது எண்டு பெடியள் கேக்கிறாங்கள். எல்லாரும் அவரைக் கொடி விசுவர் எண்டுதானே சொல்லுறவை? எங்கையோ முதல் முதல் கொடி ஏத்தின பெருமையாக்கும் எண்டு நான் நினைச்சன். அவரைக் கேட்டால் சிரிச்சுப்போட்டு விட்டிடுவார். அப்பிடியே போடச் சொல்லட்டோ?”

நான் ஒன்றும் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் ஒன்றும் சொல்லாமல் நின்ற நேரங்களைச் சேர்த்தால் ஒரு தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும். அதில் பெரும்பகுதி அந்தத் தொலைபேசியில் போயிற்று.

இந்தப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருக்கு அந்தப் பெயரின் பொருள் தெரியும். அது பெருமை அல்ல. கூட்டாளியின் தூண்டிலை இரகசியமாகக் கெடுத்தவர், கொடி எழும்பாமல் செய்தவர், கள்ளன் என்பதுதான் அதன் பொருள். அந்தப் பெயரை வைத்தவன் நான். அது எப்படி வந்தது என்பதை இந்தத் தாளில் சொல்லி முடிக்காவிட்டால் அக்கா அதை மட்டையில் அச்சடித்து எல்லார் கையிலும் கொடுத்துவிடுவார். ஆகவே எழுதுகிறேன்.

விசுவலிங்கம் அண்ணை ஊரில் நிறுத்தல் அளத்தல் பரிசோதகராக இருந்தவர். கடைக்குக் கடை போய்த் தராசையும் படிக்கல்லையும் சோதிப்பது அவருடைய உத்தியோகம். அவர் சந்தைக்குள் காலடி வைத்தால் வெங்காயம் தானாகவே ஒரு அவுன்ஸ் கூடும் என்று சொல்வார்கள். இதைச் சொன்னவனும் நான்தான், ஆனால் இதில் பொய் அதிகம் இல்லை. சொந்தத் தாய்மாமனின் கடைத் தராசுக்கு முத்திரை வைத்துப் பூட்டிவிட்டு, அன்று மாலையே அதே மாமன் வீட்டுக் கலியாணத்துக்குப் போய்ப் பந்தியில் உட்கார்ந்தவர் அவர். மாமன் பரிமாறவில்லை. “மாமி பரிமாறினவ. அளவு சரியா இருந்தது” என்றார் என்னிடம். தன்னுடைய கலியாணத் தாலிக்குப் பொன்னுருக்கும்போது தட்டாரின் சின்னத் தராசை வாங்கி, இரண்டு தட்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்த்த மாப்பிள்ளையும் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். அது பராசக்தி அக்கா சொன்ன கதை. ஆகவே நம்பலாம்.

எண்பத்தைந்தாம் ஆண்டுக் குளிர்காலத்தில் நாங்கள் இரண்டு பேரும் சுவிஸில் கூர் நகரத்துக்கு மேலே, மலை ரயிலில் ஒரு மணித்தியாலம் ஏறிப் போகும் ஓர் ஊரில், ஒரே ஹோட்டலில் வேலை செய்தோம். அவர் துணி அறையில். படுக்கை விரிப்புகளை எண்ணி எடுத்து எண்ணி வைப்பார். அந்த வேலை அவருக்காகவே படைக்கப்பட்டது. நான் பாத்திரம் கழுவும் அறையில். எனக்காக எதுவும் படைக்கப்படவில்லை.

ஹோட்டலுக்குக் கீழே ஓர் ஏரி. மார்கழியில் அது முழுதாக உறைந்துவிடும். வெள்ளைக்காரர் அதன்மேல் நடந்தார்கள், நாய் கூட்டிக்கொண்டு போனார்கள், பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளினார்கள். விசுவலிங்கம் அண்ணை கரையில் நின்று ஒரு மாதம் பார்த்தார். என்னையும் விடவில்லை.

“தண்ணி எண்டா தண்ணியா இருக்கோணும். தரை எண்டா தரையா இருக்கோணும். ரெண்டும் இல்லாத சாமானை நான் நம்பமாட்டன், பரமு.”

எங்களை அதன்மேல் இறக்கியது மீன் ஆசை. ஊர் மீன் என்பதை நாங்கள் கனவில் மட்டும் கண்டுகொண்டிருந்த காலம். கடையில் கிடைத்ததோ தூள் பூசிய நீள்சதுரக் கட்டை. அது மீன்தானா என்று அண்ணை பெட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அப்படியிருக்க, எங்கள் சமையல் தலைவர் ஹான்ஸ்பேட்டர், நாங்கள் ‘ஷெஃப்’ என்று அழைப்பவர், ஓய்வு நாளில் அந்த ஏரியில் துளை போட்டு உயிர் மீன் பிடித்துக்கொண்டு வருவார். ட்ரவுட். துடிக்கும். அதைப் பார்த்து எங்கள் இரண்டு பேருக்கும் கண் கலங்கும்.

ஷெஃப்பைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நல்ல மனிதர், ஆனால் ஒரு சட்டம் வைத்திருந்தார்: சாமானைப் பராமரிக்கத் தெரியாதவனுக்குத் தன் சமையலறையில் இடம் இல்லை. கத்தியை இரவு முழுவதும் தண்ணீரில் ஊறப்போட்ட ஒருவனை மறுநாள் காலை ரயிலில் ஏற்றி அனுப்பியவர். ஈஸ்டருக்குப் பிறகு ஹோட்டலில் பாதிப் பேரை நிறுத்துவார்கள். அண்ணையின் இடம் உறுதி. என் இடம் ஷெஃப்பின் ஒரு சொல்லில் தொங்கியது. வேலை போனால் மறுபடியும் அகதி முகாம் கட்டில், மறுபடியும் அலுவலக வாசல்.

ஆகவே நான் ஒரு மகா திட்டம் தீட்டினேன். ஷெஃப்புக்கு மீன் பிடிப்பவனைப் பிடிக்கும். அதைவிட, நல்ல சாமான் வைத்திருப்பவனைப் பிடிக்கும். அவரே ஒரு நாள் கூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கடை ஒன்றைப் பற்றிப் பெருமூச்சோடு சொன்னார். அங்கே அமெரிக்காவிலிருந்து வந்த கொடித்தூண்டில் இருக்கிறதாம். பனித் துளைக்குக் குறுக்கே வைக்கும் ஒரு பலகை, அதன் கீழே தண்ணீருக்குள் நூல் சுற்றிய உருளை, மேலே வில்லாக வளைத்து மாட்டிய ஒரு செம்மஞ்சள் கொடி. மீன் இழுத்தால் உருளை சுழலும், கொடி படாரென்று எழும்பும். நீங்கள் தூரத்தில் குந்தியிருந்து கோப்பி குடிக்கலாம். ஷெஃப்பிடம் இருந்தவையும் கொடி வைத்தவைதான், ஆனால் சாதாரண மரத்துண்டுகள், பிளாஸ்டிக் உருளை. கடையில் இருந்ததோ மெருகிட்ட மரம், பித்தளை, உறையாத எண்ணெய் அடைத்த குழாய்க்குள் ஓடும் அச்சு. விலை என் அரை மாதச் சம்பளம். இரண்டு வாங்கினேன். சக்கரவர்த்திகள் யானை வாங்கியதுபோல வாங்கினேன்.

அண்ணை அவற்றைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன்.

“இதுக்கோ அரைச் சம்பளம்?”

“அண்ணை, பித்தளை!”

“பித்தளை மீன் பிடிக்குமோ? ஒரு நூல், ஒரு கொக்கி, ஒரு தடி. மிச்சம் எல்லாம் அவன் உம்மைப் பிடிக்கிறதுக்குப் போட்ட இரை.”

“நீங்கள் எல்லாத்தையும் சந்தேகப்படுறியள்.”

“நான் சந்தேகப்படேல்லை, பரமு. சோதிக்கிறன். சந்தேகப்பட்டுக்கொண்டு சும்மா இருக்கிறவன்தான் கெட்டவன்.”

இந்த வார்த்தையை அப்போது நான் காதில் வாங்கவில்லை.

இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் ஹோட்டல் வேலைக்காரருக்கு ஓய்வு நேரம். அந்த நேரத்தில் துணி அறை மேசையில் சோதனை நடந்தது. என் கொடித்தூண்டில் இரண்டு, ஷெஃப்பிடம் இரவல் வாங்கிய மரத்துண்டு இரண்டு. படிக்கல் இல்லை. அண்ணை யோசித்துவிட்டுச் சட்டைப்பையிலிருந்து சுவிஸ் சில்லறையை எடுத்தார்.

“அரசாங்கம் அடிச்ச காசு. ஒவ்வொண்டும் ஒரே நிறையாத்தான் இருக்கோணும். அதையும் பாப்பம்.”

சமையலறைத் தராசில் காசை நிறுத்தார். பிறகு காசு சரி, தராசில்தான் சந்தேகம் என்றார். பிறகு தராசையும் சரி பார்த்தார். எதை வைத்து எதைச் சரி பார்த்தார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. முடிவில் ஒரு சின்னத் துணிப்பையை நூல் நுனியில் கட்டி, ஒவ்வொரு காசாகப் போட்டுக்கொண்டே போனார், கொடி எழும்பும் வரை. ஒவ்வொன்றிலும் மூன்று முறை.

மரத்துண்டுகளில் ஒன்று ஐந்து ராப்பன் காசுக்கே எழும்பியது. அடுத்த முறை இரண்டு பிராங்க் காசு போட்டும் தூங்கியது. மற்றது தன் விருப்பத்துக்கு எழும்பியது. என் பித்தளைகள் இரண்டும் மூன்று முறையும் ஒரே நிறைக்கு, ஒரு இருபது ராப்பனும் ஒரு பத்து ராப்பனும் விழுந்த அந்தக் கணத்தில், படார் படார் என்று எழும்பின. அண்ணை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தோல்வியை ஒத்துக்கொள்ளும்போது அப்படித்தான் செய்வார்.

“நேர்மையான சாமான், பரமு. நான் பிழை.”

“அப்ப விலை பெறும் எண்டு சொல்லுங்கோ!”

“பக்கத்திலை குந்தியிருக்கிறவனுக்கு அந்தத் தடி போதும். தூரத்திலை இருந்து கொடியை நம்பிறவனுக்குத்தான் இது வேணும். அவனுக்கு விலை பெறும்.”

காலைச் சாப்பாட்டு அட்டையின் பின்பக்கத்தில் அதை முறைப்படி எழுதி, கையெழுத்தும் வைத்துத் தந்தார். அவர் கையெழுத்து வாங்குவதற்கு ஊரில் எத்தனை முதலாளிமார் தவம் கிடந்தார்கள்! எனக்கு ஒரு ஓய்வு நேரத்துக்குள் கிடைத்தது.

அங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும். மறுநாள் ஓய்வு நாள்; விடிய ஏரிக்குப் போக வெளிக்கிடும்போது எனக்குள் ஒரு சந்தேகம் எழுந்தது. அந்தக் குழாய்க்குள் இருக்கும் எண்ணெய் என்ன எண்ணெய்? யார் ஊற்றியது? பெட்டிக்குள் ஒரு சின்ன டியூபும் இருந்தது, இதைத் தவிர வேறு எண்ணெய் போடாதே என்று கொட்டை எழுத்தில் எச்சரிக்கையோடு. தன் சரக்கை மட்டும் வாங்கு என்று ஒருவன் அதட்டினால் அதில் சூது இருக்கும் என்று நினைத்தேன். எங்கள் அறைச் சூடாக்கியின்மேல் எப்போதும் ஒரு போத்தல் இருக்கும், பாரிசிலிருந்து ஒருவர் கொண்டுவந்து தந்த சுத்தமான தேங்காயெண்ணெய். என் தலைக்கு அதுதான். தலைமுறை தலைமுறையாக எங்கள் தையல் இயந்திரத்துக்கும் கதவுக் கீலுக்கும் அதுதான். அமெரிக்க எண்ணெயை வழித்துத் துடைத்து எறிந்துவிட்டு, என் எண்ணெயைக் கையாலேயே நிரப்பினேன். உருளை வெண்ணெயாய்ச் சுழன்றது. அண்ணையிடம் சொல்லவில்லை. சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது?

தேங்காயெண்ணெய் குளிரில் என்னவாகும் என்பதைச் சூடாக்கியின்மேல் போத்தல் வைத்திருப்பவன் அறியமாட்டான்.

ஏரியில் அன்று வீசிய குளிரைப் பற்றிச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். சொன்ன சொல் வாயிலிருந்து கட்டியாக விழுந்து பனியில் உருண்டது. அண்ணை பனிக்கட்டியைக் குதிக்காலால் தட்டித் தட்டி, ஒவ்வொரு அடியாக வந்தார். ஷெஃப் துளைகள் போட்டுத் தந்துவிட்டுத் தன் துளைக்குப் போனார். அண்ணைக்கு இரவல் மரத்துண்டுகள் இரண்டு, எனக்குப் பித்தளைகள் இரண்டு.

அண்ணை தன் துளைக்குப் பக்கத்திலேயே ஒரு வாளியைக் கவிழ்த்துக் குந்தி, கொடியை நம்பாமல் நூலில் ஒரு விரலை வைத்துக்கொண்டு இருந்தார். ஒரு மணித்தியாலத்தில் ஒரு மீன். மத்தியானத்துக்குள் நாலு. நான் தூரத்தில் நின்று என் இரண்டு கொடிகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை எழும்பவில்லை. நூலை இழுத்துப் பார்த்தால் கொக்கி வெறுமை. இரை போய்விட்டது. அப்படியென்றால் மீன் வந்திருக்கிறது, தின்றிருக்கிறது, எனக்குச் சொல்லாமல் போயிருக்கிறது. மூன்று முறை இரை போட்டேன். மூன்று முறையும் பறிபோயிற்று. ஆறு மணித்தியாலம் நின்றேன்.

சந்தேகம் என்னைத் தின்னத் தொடங்கியது. நேற்று மூன்று முறை எழும்பிய கொடி இன்று ஏன் எழும்பவில்லை? இடையில் அதைத் தொட்டவர் யார்? சோதனை என்று சொல்லி ஒரு பின்னேரம் முழுவதும் மேசையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தவர் யார்? பித்தளையின் விலையைக் கண்டு எரிந்தவர் யார்? நான் பிடித்துவிட்டால் ஷெஃப் என்னைக் கொண்டாடுவார் என்று பொறாமைப்படக்கூடியவர் யார்? எண்ணெய் ஊற்றிய கை என் கை என்பது என் நினைவுக்கே வரவில்லை. அது தலையில் பூசிய எண்ணெய். அதை யார் சந்தேகப்படுவார்?

“அண்ணை, இஞ்சை வாங்கோ! என்ன செய்தனீங்கள் இதுக்கு?”

அவர் வந்தார். என் கொடித்தூண்டிலைத் தண்ணீரிலிருந்து தூக்கி, உருளையைத் திருப்பப் பார்த்தார். அசையவில்லை. பேனாக்கத்தியால் குழாயின் மூடியைத் திறந்து, உள்ளே விரல் விட்டு எடுத்து, மூக்கில் வைத்தார். பிறகு மெதுவாக நிமிர்ந்து என் தலையைப் பார்த்தார். தொப்பிக்குக் கீழே பளபளவென்று நெற்றிவரை இறங்கியிருந்த என் தலையை. மூடியை இறுக்கிப் பூட்டினார்.

“என்ன பாக்கிறியள்? கையும் களவுமாப் பிடிபட்ட ஆள் மாதிரி! நேற்று நீங்கள்தானே திருகினது? ஊரிலை தராசுக்கு முத்திரை வைச்ச ஆள் இஞ்சை என்ரை தூண்டிலுக்கு முத்திரை வைச்சிட்டியள். கள்ளத் தராசுக்காரரோடை பழகிப் பழகி அவங்கடை வேலையைப் படிச்சிட்டியள்!”

இதைச் சொன்னேன். நான்தான் சொன்னேன். எங்கள் கதை விளங்காவிட்டாலும் சத்தம் கேட்டு ஷெஃப் வந்து நின்றார். என்ன பிரச்சினை என்று ஜெர்மனில் கேட்டார். அண்ணை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஷெஃப்பைப் பார்த்து, தனக்குத் தெரிந்த பத்து ஜெர்மன் சொற்களில் இரண்டைச் சொன்னார்.

“அப்பராட் கபுட்.”

சாமான் பழுது. அவ்வளவுதான். ஷெஃப் என் பித்தளையை வாங்கித் திருகிப் பார்த்தார், அசையவில்லை, அமெரிக்காவைத் திட்டினார். பிறகு என் தோளில் தட்டினார். பழுதுபட்ட சாமானோடு ஆறு மணித்தியாலம் இடத்தை விட்டு அசையாமல் நின்றவன் என்று என்னை மெச்சினார். நான் அசையாமல் நின்றது கால் இரண்டும் மரத்துப்போனதால் என்று எப்படிச் சொல்வது? ஈஸ்டருக்குப் பிறகு ஹோட்டலில் வைத்துக்கொண்டவர்களின் பெயர்களில் என் பெயரும் இருந்தது.

எனக்கு அது போதவில்லை. நேற்று நேர்மையான சாமான் என்று எழுதிக் கொடுத்த மனிதர் இன்று பழுது என்று சொல்கிறார். உள்ளே என்ன இருந்தது என்று எனக்குக் காட்டவும் இல்லை. இதைவிடச் சாட்சி வேண்டுமா? அன்று அவர் பிடித்த மீனை அவரே குழம்பு வைத்து எனக்கும் ஒரு கோப்பை போட்டார். நான் பெருத்த சந்தேகத்தோடு நாலு கோப்பைச் சோறு சாப்பிட்டேன். அந்த வாரமே கொடித்தூண்டில் பெட்டிகளை அறையின் மூலையில் எறிந்துவிட்டுக் கதையைத் தொடங்கினேன்.

உங்களுக்குத் தெரியும், நான் ஒரு கதையைத் தொடங்கினால் அதற்கு ரயில் டிக்கெட் தேவையில்லை. கூரில் சொன்னபோது அண்ணை ஒரு திருகாணியை இறுக்கினார். எம்மன்புரூக்கே தொழிற்சாலைப் பெடியளிடம் அது போய்ச் சேர்ந்தபோது உருளைக்குள் காசைச் செருகியிருந்தார். ஓல்டனுக்கு வந்தபோது மீன்களுக்கே இலஞ்சம் கொடுத்திருந்தார். சிரித்துச் சிரித்து வயிறு பிடித்தார்கள். கொடி விசுவர் என்ற பெயர் அப்படிப் பிறந்தது. அடுத்த வருடம் அவர் ஓல்டனில் முதியோர் இல்லம் ஒன்றின் சலவை அறையில் வேலை கிடைத்துப் போனபோது, அவருக்கு முன்னே அந்தப் பெயர் போய் இறங்கியிருந்தது.

அந்த அடுத்த குளிர்காலத்தில் என்னை வேறு அறைக்கு மாற்றினார்கள். சூடாக்கி ஒரு மூலையில், கட்டில் ஒரு மூலையில். போத்தலை யன்னல் விளிம்பில் வைத்தேன். விடிய எழும்பித் தலைக்கு எண்ணெய் வைக்கப் போனால் போத்தலுக்குள் வெள்ளைச் சுண்ணாம்புக் கல். தலைகீழாகக் கவிழ்த்தேன், விழவில்லை. மேசையில் தட்டினேன், விழவில்லை. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் விரலை மூக்கில் வைத்தது. என் தலையைப் பார்த்தது. அப்பராட் கபுட். சாமானைப் பராமரிக்கத் தெரியாதவன் இவன் என்று ஷெஃப்புக்குத் தெரிந்திருந்தால் நான் மறுநாள் ரயிலில் இருந்திருப்பேன்.

பெட்ரோல் போட்டுக் கழுவி, அந்த அமெரிக்க டியூபைப் பிதுக்கி நிரப்பி, பித்தளைகள் இரண்டையும் ஏரிக்குக் கொண்டுபோனேன். நான் கரையில் நின்று கோப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு கொடியும் எழும்பின. ஐந்து மீன்.

இப்போது சொல்லப்போவதுதான் இந்தத் தாளை நான் எழுதவேண்டிய காரணம். உண்மை தெரிந்த பிறகும் நான் கதையை மாற்றவில்லை. ஒரு வருடம் பழகிய கதை. அதற்குச் சனம் சிரித்தது. எண்ணெய்க் கதையைச் சொன்னால் சிரிப்பு என் பக்கம் திரும்பும். ஆகவே வாய் நிறையப் பழைய கதையையே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கடந்த மார்கழியில் ஓல்டனில் பொங்கலுக்கு ஆயத்தக் கூட்டம் நடந்தது. ஒரு மண்டபம், அதற்குப் பக்கத்தில் அரிசி, பயறு, சர்க்கரை வைக்கும் ஒரு சின்ன அறை. அறையின் பூட்டுத் திறப்பை, அதாவது சாவியை, யாரிடம் கொடுப்பது என்று பேச்சு வந்தது. ரவி அண்ணையின் பெயரைச் சொன்னான். வாழ்நாள் முழுவதும் நிறையும் அளவும் பார்த்தவரைவிட யார் பொருத்தம்? அண்ணை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் கண்டேன். இந்த நாட்டுக்கு வந்த பிறகு அப்படி அவர் நிமிர்ந்து நான் கண்டதில்லை. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்:

“கொடி விசுவரிட்டையோ? அரிசிக்கும் கொடி காட்டிப்போடுவார்!”

மண்டபம் அதிர்ந்தது. அண்ணையும் சிரித்தார். எல்லாரிலும் பெரிதாகச் சிரித்தவன் நான். பகிடிதான், ஒருவரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் சிரிப்பு அடங்கியபோது திறப்பு வேறொருவர் கையில் இருந்தது.

கூட்டம் முடிந்து என்னை ரயில் ஏற்ற அவர் நிலையத்துக்கு வந்தார். நடைமேடையில் நின்றோம்.

“பரமு, அந்த ஐஸ் கதையை இப்பவும் சொல்லுறீரோ?”

“சும்மா பகிடிக்கு அண்ணை. சனம் கேக்குது.”

“நல்லாத்தான் சொல்லுறீர். மீனுக்கு இலஞ்சம் குடுக்கிற இடம் எனக்குப் பிடிக்கும்.”

“அண்ணை... அந்த எண்ணெய்... எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. இப்ப அது வடிவா வேலை செய்யுது.”

“செய்யும். நான் எழுதித் தந்தனான்தானே. அண்டைக்குச் சாமானை நிறுத்தன், வாங்கின ஆளை நிறுக்கேல்லை.”

“நீங்கள் ஏன் ஒருத்தருக்கும் உண்மையைச் சொல்லேல்லை?”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றவில்லை. நேரே பார்த்துச் சொன்னார்.

“என்னெண்டு சொல்லுறது? சாமான் சரி, ஆள் பிழை. அதுதான் உண்மை. நான் ஷெஃப்புக்குச் சாமான் பிழை எண்டு சொல்லிப்போட்டன். முப்பது வருசத்திலை நான் குடுத்த ஒரே பொய்ச் சான்று அது. பொய்ச் சான்று குடுத்தவனைச் சனம் கள்ளன் எண்டு சொன்னா நிறை சரியாத்தானே இருக்கு?”

“அண்ணை, நான் எல்லாரிட்டையும் சொல்லுறன்.”

“சொல்லுவீரோ?” என்றார். பரிசோதகரின் குரல்.

ரயில் வந்தது, ஏறினேன். அது ஒரு நிமிடம் பிந்தியிருந்தால் அன்றே மன்னிப்புக் கேட்டிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதுவும் பொய். அதன் பிறகு ஐந்து மாதம் இருந்தது. தொலைபேசி இருந்தது, ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன. நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. பிறகு அவர் சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்தார்.

இந்த வாரம் முதலில் ரவியிடம் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னான்:

“அண்ணை, செத்த மனிசனை உயர்த்திறதுக்கு நல்லாக் கதை விடுறியள். தேங்காயெண்ணெய்! எங்கையிருந்துதான் பிடிக்கிறியளோ!”

நான் சத்தியம் செய்தேன். இன்னும் சிரித்தான். எனக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்தது. மீனுக்கு இலஞ்சம் கொடுத்ததை நம்பியவர்கள் இதை நம்பமாட்டார்கள். நம்பாதவர்கள் ஒரு கரண்டி தேங்காயெண்ணெயை யன்னலுக்கு வெளியே வைத்துப் பாருங்கள். என்னைக் கேட்க வேண்டாம்.

பிறகு பராசக்தி அக்காவிடம் சொன்னேன்.

“அப்ப அந்தப் பேர்...”

“வேண்டாம் அக்கா. விசுவலிங்கம் எண்டு மட்டும் போடுங்கோ.”

“அவர் இஞ்சை அந்தப் பொங்கல் கூட்டத்துக்குப் பிறகு ஒருநாளும் மண்டபத்துக்குப் போகேல்லை, தம்பி. முழங்கால் நோவு எண்டு சொன்னவர். நீங்கள் இப்ப எனக்குச் சொன்னதை அப்பிடியே எழுதுங்கோ. கூட்டியும் வேண்டாம், குறைச்சும் வேண்டாம்.”

எழுதிவிட்டேன். விசுவலிங்கம் அண்ணை எவருடைய தூண்டிலையும் கெடுக்கவில்லை. கெடுத்தவன் நான். தெரிந்தும் பேசாமல் இருந்தவனும் நான்.

சிலர் இறந்தவரின் கைக்கடிகாரத்தை வைத்திருப்பார்கள், சிலர் மோதிரத்தை. என்னிடம் இருப்பது அந்த மனிதர் தன் வாழ்நாளில் கொடுத்த ஒரேயொரு பொய்ச் சான்று. எனக்காகக் கொடுத்தது. அதில்தான் நான் இன்றுவரை வேலைக்குப் போய் வருகிறேன்.